சின்ன நாட்டுக்குள் மேடு பள்ளத்தை எதை வைத்து அளப்பது?

வாசகர் கேள்வி, ஜனவரி 5, 2025

"இலங்கை ஒரு சின்னத் தீவு. காலையில் கொழும்பில் பஸ் ஏறினால் பொழுது சாய்வதற்குள் யாழ்ப்பாணம். அதற்குள் வட்டாரத்துக்கு வட்டாரம் அப்படி என்ன பெரிய பொருளாதார வேறுபாடு இருந்துவிடப் போகிறது? வேறுபாட்டைப் பார்க்க வேண்டுமானால் நேபாளத்துக்குப் போங்கள். ஒரு பக்கம் காத்மாண்டு, மறு பக்கம் மலைநாட்டுக் கர்ணாலி மாகாணம். பூட்டானில் அளக்கவே ஒன்றுமில்லை, நம் நீலகிரி மாவட்டத்து ஜனத்தொகைதான் அந்த முழு நாட்டுக்கும். மறுக்கிறவர்கள் எண்ணைக் காட்டி மறுக்கவும்."

ஜனவரி 5, இரவு

மறுக்கிறேன். எண் இதோ. இலங்கையின் 2019 குடும்ப வருமான, செலவுக் கணக்கெடுப்பின்படி முல்லைத்தீவு மாவட்டத்தில் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் 44.5 விழுக்காடு. கொழும்பு மாவட்டத்தில் 2.3 விழுக்காடு. ஏறத்தாழ 19 மடங்கு. நேபாளத்தின் 2022-23 வாழ்க்கைத்தரக் கணக்கெடுப்பில் வறுமை மிக அதிகமான மாகாணம் சுதூர்பஸ்சிம், 34.16 விழுக்காடு. மிகக் குறைவானது கண்டகி, 11.88. மூன்று மடங்குகூட இல்லை. சின்னத் தீவில்தான் பள்ளம் ஆழம்.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். தோட்டத் தமிழர்களை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொண்ட 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்ட 5,25,000 பேரில் எங்கள் குடும்பமும் உண்டு. 1972இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அங்கிருந்து நீலகிரியில் உள்ள பந்தலூர். அப்போது எனக்கு எட்டு வயது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீயில் வேலை. பிறகு நான் கோத்தகிரி பக்கம் வந்து, ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 30 வருடம் கணக்கு எழுதினேன். அத்தை குடும்பம் இலங்கையிலேயே தங்கிவிட்டது. அதனால் இலங்கைக்குள் வேறுபாடு இல்லை என்று யார் சொன்னாலும் என்னால் சும்மா இருக்க முடியாது.

ஜனவரி 6

நேற்று எழுதியதில் ஒரு பெரிய தவறு. காலையில் தண்ணீர் காய வைக்கும்போதுதான் உறைத்தது.

இலங்கைக்கு நான் எடுத்தது மாவட்டங்களை. மொத்தம் 25. நேபாளத்துக்கு எடுத்தது மாகாணங்களை. மொத்தம் 7. நேபாள மாகாணம் ஒன்றில் சராசரியாக 41 லட்சம் பேர் இருக்கிறார்கள். இலங்கை மாவட்டம் ஒன்றில் 8 லட்சம் சொச்சம். பெரிய அண்டாவில் உப்பைப் போட்டுக் கலக்கினால் எந்தக் கரண்டி எடுத்தாலும் ஒரே ருசிதான். சின்னக் கிண்ணங்களில் தனித்தனியாகப் போட்டால் ஒன்று கரிக்கும், ஒன்று சப்பென்று இருக்கும். 19 மடங்குக்கும் 3 மடங்குக்கும் உள்ள வித்தியாசத்தில் எவ்வளவு நாட்டினுடையது, எவ்வளவு நான் எடுத்த கிண்ணத்தினுடையது என்று பிரிக்காமல் எழுதிவிட்டேன். நேபாளத்திலும் 77 மாவட்டங்கள் உண்டு.

இன்னொன்று. உச்சியை அடியால் வகுக்கும் கணக்கே ஆபத்தானது. கொழும்பின் 2.3 நாளைக்கு 1.2 ஆனால் இந்த விகிதம் இரண்டு மடங்காகிவிடும். முல்லைத்தீவில் ஒருவருக்கும் ஒன்றும் மாறியிருக்காது.

ஆக, நேற்று காட்டிய எண்ணைத் திரும்பப் பெறுகிறேன். மறுப்பை அல்ல.

ஜனவரி 8

இரண்டு நாட்டுக்கும் மாகாணம் என்ற ஒரே தட்டை எடுத்துக்கொள்கிறேன். இலங்கை மத்திய வங்கி மாகாண வாரியாக உள்நாட்டு உற்பத்தியைப் பிரித்து வெளியிடுகிறது. கொழும்பு இருக்கும் மேல் மாகாணத்தின் பங்கு அண்மை ஆண்டுகளில் 43 விழுக்காட்டை ஒட்டி வருகிறது. 2012 கணக்கெடுப்பில் அங்கே வாழ்ந்தவர்கள் நாட்டு மக்களில் 28.7 விழுக்காடு. அதாவது தலைக்கு நாட்டுச் சராசரியைப் போல ஒன்றரைப் பங்கு. மீதி எட்டு மாகாணத்தையும் சேர்த்துப் பார்த்தால் தலைக்கு 0.8 பங்கு.

நேபாளத்தில் காத்மாண்டு இருக்கும் பாக்மதி மாகாணம் 36 விழுக்காட்டை ஒட்டி எடுத்துக்கொள்கிறது. மக்கள் 21 விழுக்காடு. தலைக்கு 1.7 பங்கு. மீதி ஆறு மாகாணத்துக்கும் 0.81.

இதை ஒரே எண்ணாக்கப் பொருளியலாளர் ஜெஃப்ரி வில்லியம்சன் 1965இல் ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு வட்டாரத்தின் தலைவீத வருமானம் நாட்டுச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார், அதை வர்க்கப்படுத்து, அங்கே எத்தனை பேர் வாழ்கிறார்களோ அந்தப் பங்கால் பெருக்கு, எல்லாவற்றையும் கூட்டி வர்க்கமூலம் எடு, சராசரியால் வகு. வெறும் உச்சி, அடி என்று பார்க்காமல் எல்லா ஜனத்தையும் கணக்கில் எடுப்பதுதான் இதன் நியாயம். பத்து லட்சம் பேர் உள்ள வட மாகாணமும் ஐம்பத்தெட்டு லட்சம் பேர் உள்ள மேல் மாகாணமும் இதில் ஒரே எடை பெறாது.

தலைநகர மாகாணம், மீதி என்று இரண்டே துண்டாக வைத்து நானே கையால் போட்டேன். இலங்கை 0.32. நேபாளம் 0.37.

கேள்வி கேட்டவர் இந்தச் சுற்றில் ஜெயித்தார். ஆனால் கொஞ்சம்தான்.

ஜனவரி 9

நேபாளத்திலிருந்து மாதேஷ் மாகாணத்தைத் தனித் துண்டாக எடுத்து மறுபடி போட்டேன். 0.37 என்பது 0.38 ஆகிவிட்டது. நாட்டில் ஒரு ரூபாய்கூட இடம் மாறவில்லை, கோடு மட்டும்தான் கூடியது. இந்தக் கணக்கில் வெட்ட வெட்ட எண் ஏறும், இல்லையென்றால் அப்படியே நிற்கும். இறங்கவே இறங்காது. மாகாணம் குறைவான நாடு சமத்துவமான நாடாகத் தெரிவதற்கு இது ஒன்றே போதும்.

மாதேஷை எடுத்ததற்குக் காரணம் உண்டு. 2021 கணக்கெடுப்பில் பாக்மதியில் 61,16,866 பேர், மாதேஷில் 61,14,600 பேர். கிட்டத்தட்டச் சரிசமம். உற்பத்தியில் பங்கோ 36, 13. தலைவீத உற்பத்தியில் கடைசியில் நிற்பது எல்லாரும் நினைக்கிற கர்ணாலி மலை அல்ல, தெற்கே இருக்கும் சமவெளி. ஆனால் வறுமையில் பார்த்தால் கர்ணாலி 26.69, மாதேஷ் 22.53. உற்பத்தியில் ஒரு வரிசை, வறுமையில் வேறு வரிசை. இதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

இன்று கடும் உறைபனி. எங்கள் ஹட்டிக்கு, அதாவது மலைக் கிராமத்துக்கு, கீழே பள்ளத்து வயலெல்லாம் வெள்ளை. மேட்டில் இருந்த தேயிலைக்கு ஒன்றுமில்லை. இரண்டுக்கும் நடுவில் அரை கிலோமீட்டர்கூட வராது.

ஜனவரி 12

பூட்டான். "நீலகிரி அளவு ஜனத்தொகை" என்று கேள்வியில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன், அசந்துபோனேன். நீலகிரி மாவட்டம் 2011இல் 7,35,394 பேர். பூட்டான் 2017இல் 7,35,553 பேர். 159 பேர்தான் வித்தியாசம்.

ஆனால் "அளக்க ஒன்றுமில்லை" என்பதை ஏற்கமாட்டேன். பூட்டானில் ஸொங்காக் எனப்படும் மாவட்டங்கள் 20. 2022 கணக்கில் நாட்டு வறுமை 12.4 விழுக்காடு. ஷெம்காங் ஸொங்காக்கில் மட்டும் 41.4. நம் நீலகிரிக்குள் ஆறு தாலுகா: ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர். அதே ஜனத்தொகைக்குப் பூட்டான் 20 துண்டு போட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு வறுமை எண் வைத்திருக்கிறது. நாம் முழு மாவட்டத்துக்கும் ஒரு சராசரியைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். ஊட்டி ஏரிக்கரை ஓட்டலும் பந்தலூரில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயமும் அந்த ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன. சின்ன நாடு என்பதாலேயே பூட்டானால் இவ்வளவு உள்ளே போய்ப் பார்க்க முடிகிறது. சின்ன மாவட்டம் என்பதால் நம்மை யாரும் உள்ளே வந்து பார்ப்பதில்லை.

ஜனவரி 13

திருத்தம். பூட்டானின் 7,35,553இல் அன்றைக்கு நாட்டில் இருந்த 8,408 சுற்றுலாப் பயணிகளும் அடக்கம். அவர்களைக் கழித்தால் 7,27,145. எனவே 159 வித்தியாசம் என்றது தற்செயல்.

தலைவீதக் கணக்கில் வகுக்கும் எண்ணாக யாரை எடுப்பது என்பது சின்ன இடங்களில் சின்ன விஷயமல்ல. மே மாதம் ஊட்டியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைகளை எண்ணினால் என்ன வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜனவரி 19

குன்னூர்க்காரர் ஒருவர் கேட்டிருந்தார்: "உற்பத்திப் பங்கை வைத்தே பேசுகிறீர்களே, உற்பத்தி எங்கே நடந்தது என்று யார் தீர்மானிக்கிறார்கள்?" இதற்கு நீளமாகத்தான் பதில் எழுத முடியும், ஏனென்றால் இது என் முப்பது வருட வேலை.

தேயிலையை எடுத்துக்கொள்வோம். அத்தை மகன் வீட்டுக்கு மேலே இருக்கும் மலையில் கொழுந்து பறிக்கிறார்கள். பக்கத்துத் தொழிற்சாலையில் வாட்டி, அரைத்து, உலர்த்துகிறார்கள். அதுவரை அது மத்திய மாகாணத்தின் உற்பத்தி. அப்புறம் மூட்டை லாரியில் ஏறிக் கொழும்புக்குப் போகிறது. கொழும்பில் 1883 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. தரகு, கிடங்கு, கலப்பு, பைக்கட்டு, கப்பல், காப்பீடு, வங்கி வட்டி, கம்பெனித் தலைமை அலுவலகம் எல்லாம் அங்கே. இந்த ஒவ்வொரு படியிலும் கூடுகிற மதிப்பு மேல் மாகாணத்தின் பெயரில் ஏறுகிறது. யாரும் திருடவில்லை, விதிப்படிதான் எழுதுகிறார்கள். ஆனால் மேல் மாகாணத்தின் 43 விழுக்காட்டில் மலையில் முளைத்தது எவ்வளவு என்பது அந்த எண்ணுக்குள் தெரியாது.

மாகாண உற்பத்தியைக் கீழிருந்து கூட்டிக்கொண்டு போவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாட்டு மொத்தத்தை எடுத்து, ஒவ்வொரு துறைக்கும் ஓர் அடையாளத்தை வைத்து மேலிருந்து கீழே பிரிக்கிறார்கள். நெல்லுக்கு விளைச்சலைப் பார்க்கலாம். வங்கிச் சேவைக்கும் வியாபாரத்துக்கும் எதைப் பார்ப்பது? எந்த அடையாளத்தை எடுக்கிறார்களோ அதன் சாய்வு மாகாணப் பங்குக்குள் வந்துவிடுகிறது.

நம்மிடமும் இதே கதைதான். குன்னூரில் 1963 முதல் ஏலம். நான் வேலை பார்த்த தொழிற்சாலைக்குப் பல ஹட்டிகளிலிருந்து பச்சைத் தேயிலை வரும். மாதக் கடைசியில் சராசரி விலை என்று ஒன்றைப் பெரிய பேரேட்டில் எழுதுவேன். சாலையோரம் தோட்டம் வைத்திருந்தவர் நேரே தொழிற்சாலைக்குப் போட்டார். உள்ளே தள்ளி இருந்தவர் ஏஜெண்டிடம் போட்டார். சுமை கூலி, எடைக் கழிவு, முன்பணத்துக்குப் பிடித்தம் போக அவர் கைக்கு வந்தது வேறு தொகை. 1990களின் கடைசியில் விலை சரிந்தபோது சராசரி கொஞ்சம் இறங்கிய மாதங்களில்கூட உள்ளே தள்ளி இருந்தவர்கள் இலை எடுப்பதையே நிறுத்தினார்கள். இலை வராதவரின் விலை சராசரிக்குள் வராது. அதனால் என் பேரேட்டில் அவர்கள் நின்ற மாதம் நல்ல மாதமாகத் தெரிந்தது. இதை அந்தக் காலத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

பூட்டானில் இது இன்னும் கூர்மை. சுக்கா ஸொங்காக்கில் 1,020 மெகாவாட் தாலா நீர்மின் நிலையம் இருக்கிறது. மின்சாரம் இந்தியாவுக்கு விற்கிறது, வருமானம் அரசுக்குப் போகிறது. உற்பத்தியை இடத்தை வைத்து எழுதினால் அந்த மலைச்சரிவில் ஆரஞ்சும் ஏலக்காயும் வைத்திருப்பவர் காகிதத்தில் பணக்காரர். நம் பைகாராவில் 1932 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். கோயம்புத்தூர் மில்கள் அதில் ஓடின. பைகாரா ஓரத்துக் குடிசைக்கு வெளிச்சம் எப்போது வந்தது என்று அங்குள்ள பெரியவர்களைக் கேளுங்கள்.

ஜனவரி 20

மாலத்தீவையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறார் ஒருவர். நேற்று எழுதியதற்கு அதைவிடச் சுத்தமான உதாரணம் கிடையாது. 1972இல் முதல் விடுதி தொடங்கியது முதல் அங்கே பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பதுதான் முறை. அந்தத் தீவில் ஊர் இல்லை, குடும்பம் இல்லை. உற்பத்தி மட்டும் இருக்கிறது. வேலை செய்கிறவர்களின் வீடு வேறு தீவில், அல்லது வேறு நாட்டில். பவளத்திட்டு வாரியாகத் தலைவீத உற்பத்தியை வகுத்தால் யாருடைய அடுப்பையும் அது சொல்லாது.

ஜனவரி 26

இனி கண்டகிக்கு வருகிறேன். நேபாளத்தில் தலைநகரம் இருக்கும் பாக்மதியில் வறுமை 12.59. போக்கரா இருக்கும் கண்டகியில் 11.88. உற்பத்தியில் இவ்வளவு தூரம் முன்னால் நிற்கும் பாக்மதியைவிட மேற்கே இருக்கும் ஒரு மலை மாகாணத்தில் ஏழைகள் குறைவு. எப்படி?

வெளியிலிருந்து வரும் பணம்தான் பெரிய காரணம். கூர்க்காப் படையில் இருந்தவர்களின் ஓய்வூதியம், வளைகுடா, மலேசியச் சம்பளம். நேபாளத்தின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ கால் பங்குக்குச் சமமான பணம் இப்படி வருகிறது. அந்தப் பணம் கண்டகியில் உற்பத்தியாகவில்லை, அதனால் உற்பத்திக் கணக்கில் இல்லை. ஆனால் கண்டகியில் அரிசியாகிறது, பள்ளிக்கூடக் கட்டணமாகிறது, தகரக் கூரையாகிறது. செலவைக் கேட்கும் கணக்கெடுப்பு அதைப் பிடித்துவிடுகிறது.

2021இல் ஏறத்தாழ 22 லட்சம் நேபாளிகள் வெளிநாட்டில் இருந்தார்கள். உள்ளூர்த் தலைக்கணக்கில் அவர்கள் இல்லை. வகுக்கும் எண்ணிலிருந்து போய்விட்டார்கள், வகுபடும் பணத்தில் வந்துவிட்டார்கள். ஆண்பிள்ளைகள் எல்லாம் போய்விட்ட கிராமம் கணக்கில் முன்னேறிய கிராமம். வறுமை குறைந்தது உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த மாகாணம் தன் காலில் நிற்கிறது என்று இந்த எண்ணைக் காட்டிச் சொல்லிவிட முடியாது.

முன்பு "வறுமை வேறு வரிசை, உற்பத்தி வேறு வரிசை" என்று விட்டுவைத்தது இதுதான். உற்பத்தி, பில் போடும் இடத்தைக் கேட்கிறது. செலவு, தூங்கும் இடத்தைக் கேட்கிறது. என்னைப் பொறுத்தவரை இரண்டாவதுதான் ஏற்றத்தாழ்வுக்குச் சரியான கேள்வி.

பிப்ரவரி 2

அத்தை மகனிடம் போனில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். "மச்சான், 2016இல் இலங்கையில் வறுமை 4.1 விழுக்காடுதான், மூன்றே வருடத்தில் 14.3 ஆகிவிட்டதே, எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "2016ல ஒண்ணும் நல்லா இருக்கலியே மச்சான்" என்றார்.

அவர் சொன்னது சரி, நான்தான் எண்ணைத் தப்பாகப் படித்திருந்தேன். 2016 கணக்கு பழைய வறுமைக் கோட்டின்படி. அந்த ஆண்டு விலைக்கு ஒருவருக்கு மாதம் 4,166 ரூபாய். பிறகு 2012-13ஐ அடிப்படையாக வைத்துக் கோட்டைப் புதிதாகக் கணக்கிட்டார்கள். 2019க்கு 6,966 ரூபாய். இடையில் விலைவாசியும் ஏறியதுதான், ஆனால் 4.1 என்பது 14.3 ஆனதற்குக் காரணம் கோடு மேலே போனது. முன்பும் ஏழையாக இருந்தவர்கள் இப்போதுதான் எண்ணுக்குள் வந்தார்கள்.

கணக்கெடுப்பு அட்டவணையில் தோட்டத் துறை என்று தனியாக ஒரு வரி உண்டு. 2016இல் 8.8 விழுக்காடு, 2019இல் 33.8. நகர்ப்புறம் 1.9, பிறகு 6.0. பழைய கோட்டின்படி தோட்டத்துக்கும் நகரத்துக்கும் இடைவெளி ஏழு புள்ளி. புதிய கோட்டின்படி 28 புள்ளி. இவ்வளவு பேர் அந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். ஒரு நல்ல மழையோ ஒரு மோசமான மாதமோ போதும், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விழ.

கோட்டை மாற்றியதால் மாவட்ட வரிசையும் அப்படியே நிற்கவில்லை. 2016இல் முதலிடத்தில் இருந்தது கிளிநொச்சி, 18.2. 2019இல் முல்லைத்தீவு. இரண்டும் பக்கத்துப் பக்கத்து மாவட்டங்கள், இரண்டும் போரில் சிதைந்தவை, இரண்டும் மக்கள்தொகையில் மிகச் சிறியவை. ஒன்றை ஏழையிலும் ஏழை என்று தலைப்புப் போட்டுவிட்டு மற்றதை மறந்துவிடக் கூடாது.

பிப்ரவரி 3

அம்மாவிடம் நேற்று எழுதியதைப் படித்துக் காட்டினேன். 84 வயது, காது கொஞ்சம் மந்தம், நினைவு மட்டும் அப்படியே இருக்கிறது. "அரைப்பேர் மாதிரிதானே" என்றார்.

வெளியே இருப்பவர்களுக்கு: தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு இத்தனை கிலோ என்று அளவு உண்டு. அந்த அளவைப் பறித்தால் ஒரு பேர் விழும். குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். வறட்சியில் கொழுந்து இருக்காது, அப்போதும் அளவு அதேதான். அளவைக் கூட்டிய அன்று மலை முழுக்க அரைப்பேர். "மொத நாள் முழு ஆளா இருந்தவ, மறு நாள் அரை ஆளாயிட்டா" என்றார் அம்மா. கை மாறவில்லை, தராசும் மாறவில்லை, அளவுதான் மாறியது. நான் இரண்டு பக்கம் எழுதியதை அம்மா ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டார்.

இன்னொன்றும் கேட்டார்: அந்தக் கோட்டில் கம்பளிக்கு எவ்வளவு? இலங்கையில் மாவட்டத்துக்கு மாவட்டம் விலைவாசியைப் பார்த்துக் கோட்டை ஏற்றி இறக்குகிறார்கள். அது நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரே பொருளின் விலை கூடுவது வேறு, மலையில் கூடுதலாகச் சில பொருள் தேவைப்படுவது வேறு. விறகு, கம்பளி, ஈரத்தில் வரும் இருமலுக்கு மருந்து. 6,000 அடியில் இதெல்லாம் இல்லாமல் உயிர் வாழ்வது கடினம்.

பிப்ரவரி 9

தோட்டத் துறை என்ற வரியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். அது இல்லாவிட்டால் மலையகத்தை ஒரு புள்ளிவிவரத்திலும் பார்க்க முடியாது.

இலங்கையில் 20 ஏக்கருக்குக் குறையாத, பத்துப் பேருக்குக் குறையாமல் தொழிலாளர் குடியிருக்கும் பெருந்தோட்டம் என்றால் அது தோட்டத் துறை. 2012இல் நாட்டு மக்களில் 4.4 விழுக்காடு அதில் வாழ்ந்தார்கள். அவர்கள் மத்திய, ஊவா, சப்ரகமுவ மாகாணங்களில் சிதறி இருக்கிறார்கள். எந்த மாகாணச் சராசரியையும் அவர்களால் பெரிதாக அசைக்க முடியாது. நுவரெலியா மாவட்டத்தை எடுத்தாலும் அதே மாவட்டத்தில் உருளைக்கிழங்கு, கேரட் போடும் விவசாயிகள், விடுதிகள், நகரக் கடைகள் எல்லாம் இருக்கின்றன. மாகாணத்தை வைத்து அளந்தால் வடக்குக்கும் கொழும்புக்கும் உள்ள தூரம் தெரியும், ஒரே மலையில் பங்களாவுக்கும் லயத்துக்கும் உள்ள தூரம் தெரியாது. இந்த ஒரு வரி இருப்பதால்தான் 33.8 என்று நம்மால் சொல்ல முடிகிறது. வைத்தவர்களுக்கு நன்றி.

அதற்கும் ஓட்டை உண்டு. தோட்டத்தை விட்டு ஹட்டன் டவுனில் வாடகைக்கு வந்தவர் இந்த வரியிலிருந்து போய்விடுகிறார். கொழும்பில் கடையில் வேலை பார்த்து அங்கேயே மேல்மாடியில் படுக்கும் பையன் மேல் மாகாணத்து நகர்வாசி. முன்னேறியவர்கள் வெளியே போகப் போக, அந்த வரி பின்தங்கியவர்களை மட்டும் பிடித்து வைத்துக்கொள்கிறது.

நம் பக்கம் அந்த வரியே இல்லை. இந்திய மக்கள்தொகைக் கணக்கில் கிராமம், நகரம் இரண்டுதான். நீலகிரி 2011இல் ஏறத்தாழ 59 விழுக்காடு நகர்ப்புறம். நம்ப முடிகிறதா? தேவர்சோலை, ஓவேலி எல்லாம் பேரூராட்சி. நெல்லியாளம் நகராட்சி. அங்கே போய்ப் பாருங்கள், தேயிலை, காடு, லயம், யானை. நான் வளர்ந்த லயம் கணக்கில் நகரம். காகிதத்தில் நகரமாக இருப்பதன் விலை என்ன என்று கேட்டால், 2005 சட்டத்தின் நூறு நாள் வேலை கிராமத்துக்கு மட்டும் என்று இருந்தது. பேரூராட்சிக்காரருக்கு அந்த அட்டை கிடைக்கவில்லை. பக்கத்து ஊராட்சியில் இருப்பவர் அட்டை வைத்திருந்தார், நடுவில் ஓர் ஓடைதான். அளவுக்கோடு அரிசிப் பானை வரைக்கும் வருகிறது என்று இதைத்தான் சொல்கிறேன்.

பிப்ரவரி 10

"இரவு வெளிச்சத்தைச் செயற்கைக்கோளில் அளந்தால் இந்த எல்லைத் தகராறே இல்லையே" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். நல்ல யோசனை. 1992 முதல் படங்கள் இருக்கின்றன, 2012க்குப் பிறகு இன்னும் தெளிவாக. போர்க்காலத்தில் வட இலங்கைக்கு வேறு நம்பகமான கணக்கு இல்லாதபோது இது பெரிய உதவி. 1981க்குப் பிறகு தீவு முழுவதையும் எண்ணியதே 2012இல்தான்.

ஆனால் தேயிலை மலையில் இது ஏமாற்றும். கொழுந்து வரத்து அதிகமான மாதங்களில் தொழிற்சாலை இரவெல்லாம் ஓடும். வாட்டும் தொட்டிகளுக்கு மேலே வரிசையாக விளக்கு. மேலிருந்து பார்த்தால் அது மட்டும்தான் மின்னும். கீழே லயத்தில் எட்டு மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள், காலையில் ஆறு மணிக்கு மலை ஏற வேண்டுமே.

பிப்ரவரி 16

கேள்வி கேட்டவர் பொறுமை இழந்துவிட்டார்: "கடைசியில் எந்த நாடு?"

மாகாண உற்பத்தியில், என் இரண்டு துண்டுக் கணக்கில், நேபாளத்தில் ஏற்றத்தாழ்வு கொஞ்சம் அதிகம். அதில் நீங்கள் சொன்னது சரி. "சின்னத் தீவுக்குள் என்ன இருந்துவிடப் போகிறது" என்றதில் நீங்கள் சொன்னது சரியல்ல. முல்லைத்தீவின் 44.5, கொழும்பின் 2.3, தோட்டத் துறையின் 33.8 மூன்றும் அந்தச் சின்னத் தீவுக்குள்தான் இருக்கின்றன. பூட்டானில் அளக்க ஒன்றுமில்லை என்றது முழுக்கத் தவறு.

நாடுகளை ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் நான் செய்வது இது. செலவுக் கணக்கெடுப்பை எடுப்பேன், உற்பத்தியை அல்ல. ஜனத்தொகையில் ஏறத்தாழ ஒரே அளவுள்ள துண்டுகளை எடுப்பேன். தேவைப்பட்டால் சின்ன மாவட்டங்களைச் சேர்த்து ஒன்றாக்குவேன். பொருளியலாளர் ஹென்றி தைல் 1967இல் கொடுத்த அளவையைப் போடுவேன். ஏனென்றால் அது மொத்த ஏற்றத்தாழ்வை இரண்டாகப் பிரித்துக் காட்டும்: வட்டாரங்களுக்கு இடையே எவ்வளவு, ஒவ்வொரு வட்டாரத்துக்கு உள்ளேயே எவ்வளவு. பெரும்பாலான நாடுகளில் உள்ளே இருக்கும் பங்குதான் பெரிது. அந்தப் பங்கைக் காட்டாமல் இடைப்பட்ட பங்கை மட்டும் காட்டி "வட்டார ஏற்றத்தாழ்வு குறைந்துவிட்டது" என்று சொல்கிற அறிக்கையை நான் நம்புவதில்லை. கொழும்புக்குள்ளேயே தோட்டக்காட்டுப் பிள்ளைகள் கடைகளின் மேல்மாடியில் படுத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 23

அத்தை மகன் தானாகவே ஒரு காரியம் செய்துவிட்டார். தன் லயத்தில் ஒவ்வொரு வீடாக எண்ணிப் போனில் சொன்னார். 12 காம்பரா, அதாவது ஒற்றை அறை வீடு. ஐந்து வீட்டில் ஒரு பிள்ளையாவது கொழும்பில். இரண்டு வீட்டில் அம்மா வளைகுடாவில், பிள்ளைகளைப் பாட்டி பார்க்கிறார். ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறது. மீதி நான்கு வீட்டில்தான் சாப்பாட்டுக்கு முழுக்கத் தோட்டத்துச் சம்பளத்தை நம்பியிருக்கிறார்கள். அவருடைய மூத்த மகளும் கொழும்புக் கணக்கில்தான் சேர்த்தி. மாதாமாதம் அவள் அனுப்பும் பணத்தில்தான் தம்பியின் டியூஷன்.

அதைக் கேட்டதிலிருந்து நானும் எண்ணலாம் என்று இருக்கிறேன். மூன்றே கேள்வி: இந்த வீட்டில் இரவு எத்தனை பேர் தூங்குகிறார்கள், சாப்பாட்டுக்குப் பணம் எந்த ஊரிலிருந்து வருகிறது, போன மாதம் எதை வாங்காமல் விட்டீர்கள். பேர் வேண்டாம், தொகை வேண்டாம். கோத்தகிரி, குந்தா, ஊட்டி, குன்னூர் பக்கம் ஹட்டிக்கு ஒருவர், கூடலூர், பந்தலூர் பக்கம் லயத்துக்கு ஒருவர் எண்ணி இங்கே போட்டால் ஆறு தாலுகாவையும் தனித்தனியாக வைத்துப் பார்த்துவிடலாம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரும் சனிக்கிழமை பந்தலூர் போகிறேன். நாங்கள் இருந்த வரிசையிலிருந்து தொடங்குகிறேன்.